யானை தெரிந்ததும் கடிகாரத்தை நிறுத்து

அந்தக் கம்பெனியில் எல்லாரும் அவளை ஸ்டாப்வாட்ச் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கழுத்தில் கறுப்புக் கயிறு, கயிற்றில் ஸ்டாப்வாட்ச், மூக்கு நுனியில் கோபம். இந்த மூன்றும் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. முதல் இரண்டும் கம்பெனி கொடுத்தவை. மூன்றாவது வீட்டிலிருந்து கொண்டு வந்தது.

கம்பெனி தயாரித்தது செஸ் கம்ப்யூட்டர். மேஜை மேல் வைத்து ஆடுகிற பலகை, ஓரத்தில் விரலளவு திரை. காயைக் கட்டத்தில் அழுத்தி வைத்தால் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு அது யோசித்து, தன் பதிலைத் திரையில் காட்டும். தனியாக இருப்பவர்களும், மனிதர்களிடம் தோற்கப் பிடிக்காதவர்களும் நிறையவே வாங்கினார்கள்.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ஒரு பெருமை அச்சடித்திருக்கும்: வரலாற்றில் பேர்போன காய் நகர்த்தல்களை இந்த இயந்திரம் தானே கண்டுபிடிக்கும். அந்தப் பெருமைக்குச் சாட்சி சொல்வதுதான் அவள் வேலை. பழைய பெரிய ஆட்டங்களில், யாரோ ஒரு மேதை யாரும் எதிர்பாராத காயை நகர்த்துவதற்கு ஒரு நொடி முன்னால் பலகை எப்படி இருந்ததோ, அப்படியே காய்களை அடுக்க வேண்டும். பொத்தானை அழுத்த வேண்டும். மெஷின் யோசிக்க யோசிக்க, அந்த நேரத்துக்கு எது நல்லதென்று படுகிறதோ அதைத் திரையில் மாற்றி மாற்றிக் காட்டும். மேதையின் காய் திரையில் தெரிந்த கணமே ஸ்டாப்வாட்சை நிறுத்தி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, மெஷினை அணைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போக வேண்டும். "சரியான காய் தெரிஞ்சா போதும். அதுக்கப்புறம் அது என்ன யோசிச்சா நமக்கென்ன?" என்பது மேனேஜரின் நிரந்தர உத்தரவு.

வேலை நடந்தது பழைய சாமான் அறையில். ஜன்னல் கிடையாது. மின்விசிறி டக் டக்கென்று எதையோ எண்ணிக்கொண்டே சுற்றும். தொலைந்துபோன ஒரு வெள்ளைச் சிப்பாய்க்குப் பதிலாகப் பாட்டில் மூடி ஒன்று பல வருஷமாக வேலை பார்த்தது. மெஷின் சீக்கிரம் கண்டுபிடிக்காவிட்டால் அவள் அதையும் திட்டுவாள். "இதுகூடத் தெரியலைன்னா உனக்கெல்லாம் பேட்டரி ஒரு கேடா?" என்று கேட்பது வராந்தா வரைக்கும் கேட்கும். மெஷின் வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொள்வதில் அதை மிஞ்ச ஆளில்லை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டை உண்டு. அதில் ஒன்றை அந்த அறையில் 'யானை' என்பார்கள். மற்ற அட்டைகளில் ஆடிய இருவர் பெயரும் இருக்கும். யானை அட்டையில் வெள்ளைக்காய் ஆடியவர் பெயர் மட்டும் பெரிதாக இருக்கும். கறுப்புக்காய் ஆடியவருக்கு 'எதிராளி' என்று போட்டிருப்பார்கள். அந்த எதிராளி அவளுடைய அப்பா. இதைக் கம்பெனியில் அவள் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

ஆட்டம் இதுதான். அவளுக்குப் பிறந்த தேதி மாதிரி மனப்பாடம். வெள்ளை ராணி மேல் கறுப்புக் குதிரை கண் வைத்துவிட்டது. அடுத்த முறையில் ராணி போய்விடும். யாராயிருந்தாலும் ராணியைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். வெள்ளை ஆடியவர் ராணியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் யானையைக் கொண்டுபோய்க் கறுப்பு ராஜாவின் தோளோரம், 'என்னை எடுத்துக்கொள்' என்று வைத்தார். ராணியை எடுத்தாலும் சாவு, யானையை எடுத்தாலும் சாவு. மண்டபமே எழுந்து கைதட்டியது. தோல்வியை ஒப்புக்கொண்டு கறுப்பு ராஜா சாய்ந்தது. வெள்ளை ஆடியவர் அதோடு மேலே மேலே போய் சாம்பியன் ஆனார். கறுப்பு ஆடியவர் செஸ்ஸைத் தலைமுழுகிவிட்டு, ஒரு மரக்கடையில் பில் எழுதப் போனார்.

அவர் வீட்டுக்குள் செஸ் பலகை வரக் கூடாது. ஆனால் அந்த ஆட்டம் மட்டும் வீட்டை விட்டுப் போகவே இல்லை. எதற்கெடுத்தாலும் அப்பா இரண்டு கையையும் விரிப்பார். "இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்பார். அம்மாவின் பிறந்த வீட்டுப் பங்கை மாமா சுருட்டிக்கொண்டபோது கையை விரித்தார். மகளைப் புருஷன் வீட்டார் ஒரே ஒரு சூட்கேசோடு வாசலில் இறக்கிவிட்டுப் போனபோதும் விரித்தார். வக்கீல் அம்மா ஒருத்தி, இதில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது, ஒரு கை பார்க்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. "முடிஞ்ச ஆட்டம்மா இது. கௌரவமா எழுந்திரிச்சு வந்துடணும்" என்றார். மகள் விவாகரத்துத் தாளில் அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அம்மாவுக்கு இதில் பெருமை வேறு. "எப்பேர்ப்பட்ட ஆளுகிட்ட தோத்தவர்! எப்ப விடணும்னு அவருக்குத் தெரியாதா?" என்பாள். அக்கம்பக்கத்தில் மற்ற வீட்டுப் பெண்கள் புருஷனின் சம்பளத்தைச் சொல்வார்கள், அம்மா புருஷனின் தோல்வியைச் சொல்வாள். சொல்லும்போது முதுகு நிமிரும்.

இத்தனை கசப்புக்கு நடுவில் மகளுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. ஒவ்வொரு புது மாடலும் யானை ஆட்டத்தை நொடியில் கண்டுபிடித்தது. திரையில் யானை தெரிந்து அவள் கட்டைவிரல் கடிகாரத்தை அழுத்தும்போதெல்லாம், பாவம் அப்பா, அவருக்கு வேறு வழியே இருந்திருக்காது என்று நினைத்துக்கொள்வாள். மெஷினே சொல்கிறதே. மெஷினுக்கு யார்மேல் என்ன பாசம்?

அந்த வருஷம் கம்பெனி ஒரு பெரிய மாடலைக் கொண்டுவந்தது. விலையும் பெரிது, மூளையும் பெரிது என்று பேச்சு. அதன் பெட்டியில் சாம்பியனின் படம். வெளியீட்டு விழாவுக்கு அவரே வரப்போகிறார், அவர் கண் முன்னாலேயே மெஷின் அவருடைய யானையைக் கண்டுபிடித்துக் காட்டப்போகிறது. மேனேஜர் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தார்.

அவள் யானை ஆட்டத்தை அடுக்கிப் பொத்தானை அழுத்தினாள். வழக்கம்போல யானை தெரிந்தது. கடிகாரத்தை நிறுத்தினாள். மெஷினை அணைக்கக் கை நீட்டும்போது மேனேஜர் வாசலில் நின்று கத்தினார். பெட்டி அச்சடிக்கிறவர் வந்திருக்கிறார், நேரங்களையெல்லாம் வந்து சொல்லுங்கள் என்று. அவள் அப்படியே எழுந்து போய்விட்டாள். போனவள் அச்சுக்காரரோடு எழுத்தின் அளவுக்காக ஒரு சண்டை போட்டு, ஜெயித்து, டீயும் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

திரையில் யானை இல்லை. மெஷின் ராணியைப் பின்னால் இழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏய், என்ன ஆச்சு உனக்கு?" என்று மறுபடி அடுக்கி மறுபடி அழுத்தினாள். முதலில் யானை. நல்ல பிள்ளை மாதிரி கொஞ்ச நேரம் அதையே காட்டியது. இந்த முறை அவள் அணைக்காமல் முழங்கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போகப் போகத் திரையின் மூலையில், வெள்ளையின் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று காட்டும் மதிப்பெண் சரிந்தது, சரிந்தது, பிறகு யானை மறைந்து ராணி வந்து உட்கார்ந்துகொண்டது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவுக்கு வழி இல்லை என்று சொன்ன ஒரே சாட்சி பல்டி அடிக்கிறதே. வெள்ளை யானையை அவளே ராஜாவின் தோளோரம் வைத்து அழுத்தினாள். கறுப்புக்கு நீ ஆடு, பார்க்கலாம் என்று பலகையைத் திருப்பிவிட்டாள். மெஷின் யோசித்தது. யோசித்து, கறுப்பு ராணியைக் கொண்டுபோய் வெள்ளை ராஜாவின் முகத்துக்கு நேரே வைக்கச் சொன்னது.

ராணியைச் சும்மா கொடுக்கிறதே, கம்பி எங்கோ கழன்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். செக் வைத்தாயிற்று. வெள்ளை ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை, ராணியை எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுக்க வைத்தாள். ராஜா ஒரே ஒரு கட்டம் நகர்ந்துவிட்டது. இப்போது கறுப்புக் குதிரை வெள்ளை ராணியை எடுத்தது. எடுத்த இடத்திலிருந்து ராஜாவுக்கு மறுபடி செக். பலகையில் செக்கைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. வெள்ளை ராஜா ஓட வேண்டும். அது ஓடி முடிப்பதற்குள், தோளோரம் நிற்கிற யானையைக் கறுப்பு ராஜா சாவகாசமாகச் சாப்பிட்டுவிடும். ராணிக்கு ராணி போயிற்று, யானை இலவசம். வரலாறு முழுக்கக் கைதட்டிய அந்தக் காய் வெறும் தப்பாட்டம்.

புரோகிராம் எழுதுகிற கண்ணாடிக்காரரைக் கையோடு இழுத்து வந்தாள். அவர் மூன்று தடவை ஆடிப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து எல்லாவற்றிலும் மலிவான பழைய மாடலை எடுத்து, அதை எவ்வளவு நேரம் விட்டாலும் யானையை விட்டு நகரவில்லை என்று காட்டினார்.

"அக்கா, இது மெஷின் தப்பு இல்ல. ஆட்டமே தப்பு. இந்தச் சின்னதுக்கு அந்த ராணி வர்றது கண்ணுக்கே தெரியல, அதனால பாஸ் ஆயிடுச்சு. பெரிசுக்குத் தெரியுது, அதனால ஃபெயில்."

"அப்ப இத்தனை நாளா நான் முட்டாள்தனத்துக்கு நேரம் குறிச்சுக்கிட்டு இருந்தேனா?"

"நாம யானை தெரிஞ்சதும் அணைச்சுட்டோம்க்கா. அது மேல என்ன சொல்ல வந்துச்சுன்னு யாரும் கேக்கல."

அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் கோபமாகத்தான் வெளியே வந்தது. மேஜையைத் தட்டியதில் பாட்டில் மூடிச் சிப்பாய் உருண்டு கீழே போயிற்று. அப்பாவுக்கு வழி இருந்திருக்கிறது. மண்டபமும் புத்தகமும் அட்டையும் சேர்ந்து அவரை ஏமாற்றியிருக்கின்றன. இதை ஊரறியச் சொல்லியாக வேண்டும், அப்பாவின் பெயர் 'எதிராளி'யிலிருந்து மீள வேண்டும். அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் வேலை.

மேனேஜரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கதை சொல்கிற எனக்கே கை பரபரக்கும். விஷயத்தைக் கேட்டு அவர் அதிர்ச்சியெல்லாம் அடையவில்லை. கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பி, "அந்த அடுக்கைப் பார்த்தா யோசிக்காம யானையை வைன்னு உள்ளே எழுதிடுங்க" என்றார், கதவுக்கு எண்ணெய் போடச் சொல்கிற மாதிரி. கண்ணாடிக்காரர் தலையாட்டினார். தலையாட்டுவதற்கும் சேர்த்துத்தானே சம்பளம்.

"சார், அது தப்பான காய்" என்றாள் அவள்.

"தப்போ சரியோ, அது வரலாறும்மா."

"கறுப்பு ஆடினவருக்கும் அது வரலாறுதானே?"

"யாரு அது? எவனோ ஒருத்தன். அவனே கையை விரிச்சுட்டுப் போயிட்டான். உங்களுக்கு எங்கே வலிக்குது?"

வலித்த இடத்தை அவரிடம் காட்ட அவளுக்கு மனமில்லை. உள்ளே எழுதுவதற்கு முன்னால், வீட்டில் வைத்து இன்னும் கொஞ்சம் சோதிக்கிறேன் என்று பொய் சொல்லி, பெரிய மாடல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது அப்பாவின் முகம் எப்படி மலரும் என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா கடைக்குப் போயிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் பலகையைப் பார்த்ததும் அப்பா செய்தித்தாளை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இந்தச் சனியனை யார் உள்ளே கொண்டுவரச் சொன்னது?"

"உட்காருங்கப்பா. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

"எனக்கு ஒண்ணும் பார்க்க வேண்டாம். எடுத்து வை முதல்ல."

"உங்க ஆட்டம்ப்பா. நீங்க தோத்திருக்கவே வேண்டாம். மெஷின் கண்டுபிடிச்சிருக்கு. ஒரே ஒரு நிமிஷம் பாருங்க."

அவர் உட்காரவில்லை. போகவும் இல்லை. அவள் அவசர அவசரமாக அடுக்கி, வெள்ளை யானையை ராஜாவின் தோளோரம் வைத்து அழுத்தினாள். பீப். "இப்ப இது யோசிக்கும். கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனா கடைசியில் என்ன ஆடுதுன்னு பாருங்க" என்றாள். குரலில் அவளுக்கே பழக்கமில்லாத ஒரு குழைவு இருந்தது.

மெஷின் யோசித்துக்கொண்டிருந்தது. அப்பா செய்தித்தாளை இடது கைக்கு மாற்றினார். நின்ற இடத்திலிருந்தே வலது கையை நீட்டி, கறுப்பு ராணியை எடுத்து வெள்ளை ராஜாவின் முகத்துக்கு நேரே வைத்தார்.

"இதுதானே?" என்றார்.

திரை இன்னும் எதையோ தேடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் மறுபடி கேட்டாள். இந்த முறை கேட்டது ஸ்டாப்வாட்ச் அக்காவின் குரல், வராந்தா வரைக்கும் கேட்கிற குரல்.

"கை குலுக்கும்போது" என்றார் அப்பா. "யானையை வெச்சதும் எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. அத்தனை பேரும் தட்டறாங்க. இவ்வளவு பேர் சேர்ந்து தட்டினா முடிஞ்சுதான் போயிருக்கும்னு நினைச்சேன். ராஜாவைச் சாய்ச்சேன். கையைக் கொடுத்தேன். அவன் என் கையைப் பிடிச்சுக் குலுக்கிக்கிட்டு இருக்கும்போதே பலகையைப் பார்த்தேன். தெரிஞ்சுது."

"தெரிஞ்சதும் சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது? ஜெயிக்க வேண்டிய ஆட்டத்துல எழுந்து வந்தவன்னா? மேதைகிட்ட தோத்தவன்னா நாலு பேர் மதிப்பாங்க. கைதட்டலுக்குப் பயந்தவனை எவன் மதிப்பான்?"

"அப்ப இத்தனை வருஷமா ஒண்ணும் பண்ண முடியாது, ஒண்ணும் பண்ண முடியாதுன்னு..."

"அது வேற, இது வேற."

"எது வேற? அம்மா பங்கை விட்டுக்கொடுன்னீங்களே, அது வேறயா? என்னைக் கையெழுத்துப் போட வெச்சீங்களே, அது வேறயா? வக்கீலம்மா தலைதலையா அடிச்சுக்கிட்டாங்களேப்பா. எப்ப விடணும்னு இவருக்குத் தெரியும்னு நம்பித்தானே நான் போட்டேன்? உங்களுக்கு அதுதான் தெரியவே தெரியாது."

ஒரு மனிதர் ஒரு நிமிஷம் பயப்படுவதை மன்னிக்கலாம், யார்தான் பயப்படவில்லை? அந்தப் பயத்தைப் பாடமாக்கி வீட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் ஊட்டிவிட்டதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

அப்பாவின் கோபமும் இப்போது கிளம்பியது. குற்றம் பிடிபட்டவர்களுக்கு வருகிற கோபம், அதற்குச் சத்தம் அதிகம். "இதை வெளியில சொன்னே, நான் மனுஷனா இருக்க மாட்டேன். அம்மாகிட்டயும் மூச்சு விடாதே" என்று கத்தினார். பிறகு குரல் தணிந்து, "ஊர் என்ன வேணா பேசட்டும். அந்த ஆளுக்கு மட்டும் தெரியக் கூடாது. 'ஜெயிச்ச ஆட்டத்தை எனக்குத் தூக்கிக் கொடுத்துட்டுப் போனான் மடையன்'னு அவன் சிரிப்பான். அதை மட்டும் என்னால தாங்க முடியாது" என்றார்.

வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் காய்களை வாரிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சொல்வேன் என்றும் சொல்லவில்லை.

விழா ஒரு ஹோட்டல் மண்டபத்தில், மத்தியானம். சாம்பியன் நரைத்த தலையோடு, யாரையும் அவசரப்படுத்தாத நடையோடு வந்தார். எல்லாருக்கும் மெத்தென்று கை கொடுத்தார். மேனேஜர் மைக்கைப் பிடித்து, இயந்திரத்துக்கும் அழகுணர்ச்சி வந்துவிட்டது என்றெல்லாம் அளந்தார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் இருந்ததால், மேடையில் மெஷினை இயக்க அவளைத்தான் நிறுத்தியிருந்தார்கள். பலகையின் மேல் ஒரு கேமரா, பின்னால் பெரிய திரை.

அங்கே போகிற வரைக்கும் அவள் ஒன்றும் முடிவு செய்திருக்கவில்லை. அப்பாமேல் இருந்த கோபத்தில், அவர் எதிராளியாகவே கிடக்கட்டும் என்றுகூட நினைத்திருந்தாள். காய்களை அடுக்கினாள். பொத்தானை அழுத்தினாள். அழுத்திய விரல் எழும்புவதற்குள் யானை தெரிந்துவிட்டது. யோசித்த மாதிரி நடிக்கக்கூட அதற்குச் சொல்லித்தரவில்லை. வெள்ளை யானையை எடுத்து ராஜாவின் தோளோரம் வைத்தாள்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

அந்தச் சத்தம்தான் அவளை உசுப்பியது. இந்தச் சத்தத்துக்குத்தானே அவர் பயந்தார், இதே சத்தம். ஒருவருக்காவது பலகையில் என்ன நடக்கிறது என்று தெரியுமா? தெரியாமலே தட்டுகிறார்களே, என்ன தைரியம் இவர்களுக்கு? மேனேஜர் மேடை ஓரத்திலிருந்து 'அணை, அணை' என்று கையைக் காட்டினார். அவள் கறுப்பு ராணியை எடுத்தாள். வெள்ளை ராஜாவின் முகத்துக்கு நேரே வைத்து, பலகை அதிர அழுத்தினாள்.

மெஷினுக்கு உள்ளே எழுதிவைத்தது அந்த ஒரு காய்தான். அதற்கு மேல் அது பொய் சொல்லக் கற்கவில்லை. ராணியை எடுத்தது. அவள் குதிரையால் ராணியை எடுத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பெரிய திரையில் வெள்ளையின் மதிப்பெண் எல்லாரும் பார்க்கக் குழிக்குள் இறங்கியது. முன் வரிசையில் ஆட்டம் தெரிந்தவர்கள் கையைத் தட்டுவதை நிறுத்தினார்கள். பின் வரிசைகளில் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். ஏதோ சின்னத் தொழில்நுட்பக் கோளாறு, எல்லாரும் டீ சாப்பிடலாம் என்று மைக்கில் சொன்னார். மைக்கை மூடிக்கொண்டு அவளிடம், "நாளைக்கு வந்து கணக்கை முடிச்சுக்குங்க" என்றார்.

"நாளைக்கு எதுக்கு?" என்று ஸ்டாப்வாட்சைக் கழற்றி அவர் சட்டைப் பையில் போட்டாள். கண்ணாடிக்காரர் குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாடிப்படி அருகே சாம்பியன் அவளைத் தேடி வந்தார். கூட யாரும் இல்லை.

"அந்த ராணியை யார் கண்டுபிடிச்சது? மெஷினா?"

"கறுப்பு ஆடினவர். நான் அவரோட பொண்ணு."

அவர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார், சாயலைத் தேடுகிற மாதிரி. "எனக்குத் தெரியும்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"அந்த ராணி. அன்னிக்குச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. சோறு இறங்கல. காலையில பேப்பர்ல உங்கப்பா ஏதாவது சொல்லியிருப்பார்னு பயந்துக்கிட்டே பிரிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. அடுத்த வாரமும் இல்ல. அவருக்குத் தெரியலைன்னு நினைச்சேன். அப்புறம் நான் ஏன் சொல்லணும்? அந்த ஆட்டம்தான் என்னை ஆளாக்குச்சு."

சொன்ன விதத்தில் திமிரும் இல்லை, வெட்கமும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்ச மாதிரி வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றாள். "உங்களுக்குப் பேர் கிடைச்சுது. அவருக்கு மரியாதை கிடைச்சுது. மத்தவங்க எல்லாம் உங்களுக்காகக் கை தட்டணும், அவருக்காகக் கை கட்டணும். அப்படித்தானே?"

சாம்பியன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் யாரோ பெட்டியைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார்கள். அவர் தன் படத்தின் மேல் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். அவள் படியிறங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா மேஜையில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். மகள் கழுத்தில் கறுப்புக் கயிறு இல்லாததை அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"கடிகாரம் எங்கே?"

"கொடுத்துட்டேன். வேலை போச்சு."

அப்பா கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார். "ஆடிட்டியா?" என்றார்.

"ஆடிட்டேன்."

"அவன் பார்த்தானா?"

"பார்த்தார்."

"சிரிச்சானா?"

"சிரிக்கல. அவருக்குத் தெரியுமாம்ப்பா. அன்னிக்குச் சாப்பிட உட்காரும்போதே தெரியுமாம். நீங்க சொல்லிடுவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்திருக்கார்."

"என்ன தெரியுமாம்? எதைச் சொல்றீங்க ரெண்டு பேரும்?" என்று அம்மா கேட்டாள்.

மகள் சொன்னாள். சுற்றி வளைக்காமல், ராணியை வைத்தால் அப்பா ஜெயித்திருப்பார், கை குலுக்கும்போதே அது அவருக்குத் தெரியும், தெரிந்தேதான் இத்தனை வருஷம் கையை விரித்தார் என்று சொன்னாள். அம்மா கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அவள் பக்கம் பார்க்கவே இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே கேட்கிற மாதிரி கேட்டார்.

"அவனுக்கே தெரியும்னா, நான் இவ்வளவு காலம் யார்கிட்ட மறைச்சேன்?"

"எங்ககிட்ட" என்றாள் மகள்.

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். மூடியை எடுத்து மூடினாள். அவர் தட்டில் பாதிச் சாப்பாடு இருக்கும்போதே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.